அன்செல்மோ கழுவிய பலகை

கார்சாஸ் ஊரில் உருப்படியான நீச்சல் குளம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே குளம் மனமகிழ் மன்றத்துக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பளவுத் தண்ணீரில் பீர் கோப்பையும் தொப்பையுமாக ஆண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுடைய கால்களுக்கு நடுவே புகுந்துதான் ஜசீரா நீந்தக் கற்றாள். ஆனால் அவள் தொலைக்காட்சியில் வந்த நாளிலிருந்து, நீச்சலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் அந்த ஊரில் கிடையாது. ரொட்டிக் கடைக்காரன் அவளுடைய தோள் அசைவைப் பற்றிப் பேசுவான். திரும்பும்போது சுவரைச் சரியாக உதைக்கவில்லை என்று பாதிரியார் குறைப்பட்டுக்கொள்வார். இவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீரில் மிதக்கக்கூடத் தெரியாது.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கைகள் அல்ல, வாய்தான். தேசியப் போட்டியில் நூறு மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஜெயித்து மேலே ஏறி வந்தவளிடம் மைக்கை நீட்டி, "வீட்டுல பார்த்துட்டிருக்காங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். மற்றவர்களாக இருந்தால் விளம்பரம் கொடுக்கிற கம்பெனியின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். இவள் மூச்சு வாங்கக் கேமராவைப் பார்த்து, "ஆசீர்வாதம், அம்மா. ஆசீர்வாதம், ஞானப்பா" என்றாள். எங்கள் மீனாஸ் மாநிலத்துப் பிள்ளைகள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பெரியவர்களிடம் கேட்பதுதான். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. பெரிய நகரங்களில் அதை மறந்துபோயிருந்தவர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். ஒரே வாரத்தில் அவள் நாட்டுக்கே மகளாகிவிட்டாள். ஆற்றில் கிடைக்கும் விரல் நீளப் பொடிமீனை நினைத்து ஊரார் வைத்த 'பியாபா' என்கிற பட்டப்பெயர் பத்திரிகைத் தலைப்புகளில் ஏறியது. ஐரோப்பாவில் இவளைவிட வேகமாக நீந்துகிற பெண்கள் இருபது பேராவது இருந்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அந்த ஞானப்பா, அதாவது அவளுடைய ஞானத்தகப்பன் அன்செல்மோ, ஊரில் மருந்து கலந்து கொடுக்கிற கடை வைத்திருந்தவர். டாக்டர் எழுதிய அளவுக்குப் பொடியை நிறுத்து, துளை போட்ட பலகையில் காலிக் கேப்சூல்களை நிறுத்தி, உள்ளே வழித்துவிட்டு மூடித் தருவார். ஊரிலுள்ள கிழவர் கிழவிகளின் இரத்த அழுத்தம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. ஜசீராவின் தகப்பன் ஓடிப்போன பிறகு, ஞானஸ்நானத் தொட்டியில் அவளை ஏந்தியிருந்த கைகளுக்கே அவளை வளர்க்கிற பொறுப்பும் வந்து சேர்ந்தது. நீச்சலுக்கு முன்னால் விழுங்குகிற காஃபீன் கேப்சூலை அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அவர்தான் போட்டுத் தந்தார். காஃபீனுக்குத் தடை கிடையாது. பெரிய நகரத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கோச் சொன்னபோது ஜசீரா கேட்கவில்லை. கடைக் கண்ணாடியில் அவளுடைய படத்தை ஒட்டி, 'பியாபாவின் கேப்சூல் இங்கேதான்' என்று கிழவர் எழுதிவைத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தை அவரிடமிருந்து பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வினை நீச்சலுடை விளம்பரத்தின் ரூபத்தில் வந்தது. படம் எடுக்கப் போன இடத்தில், கம்பெனிக்காரன் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தோள் ஆம்பளைத் தோளா இருக்கு, அதை ஒண்ணும் பண்ண முடியாது. வயிறும் முகமும் ஏன் இப்படி உப்பியிருக்கு? திங்கக்கிழமை திரும்ப எடுப்போம்" என்றான். மாதவிடாய் நாள், வேறென்ன. ஆயிரம் பேர் முன்னால் அரைகுறை உடையில் நிற்கக் கூசாதவள் அந்த ஒரு வார்த்தையில் குறுகிப்போனாள். வார இறுதிக்கு ஊருக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

அம்மா இவோனி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். உடம்பில் எது வந்தாலும் வீட்டிலேயே மருந்து வைத்திருக்கிற ரகம். பிரஷருக்காக அன்செல்மோ போட்டுத் தந்த நீர் பிரிகிற கேப்சூலில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போடு. ராத்திரிக்குள்ள வடிஞ்சிரும்."

"மருந்துன்னா டீம் டாக்டரைக் கேக்கணும்மா."

"அடிப் போடி. ஊர்ல பாதிப் பேர் இதைத்தான் முழுங்குறாங்க. யாராவது ஓடி ஜெயிச்சாங்களா?"

உடம்பிலிருக்கும் ஊக்கமருந்தை மறைத்துவிடும் என்பதால் அந்த மருந்து தடைப் பட்டியலில் இருப்பது ஜசீராவுக்குத் தெரியாமலில்லை. அடுத்த போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் போய்விடும் என்று நினைத்தாள். திங்கட்கிழமை படம் அழகாக வந்தது. புதன்கிழமை காலை, கிளப் இருந்த பெலோ ஒரிசோன்டே நகரத்தில் அவள் தங்கியிருந்த வீட்டு மணியை அடித்து, சோதனைக்காரர்கள் சிறுநீர்க் குப்பியோடு நின்றார்கள்.

முடிவு வந்த அன்று கோச் வால்டெர் அவளைக் கிளப் அலுவலகத்துக்கு அழைத்தார். வக்கீல் நொர்பெர்த்தோவும் அங்கே இருந்தார். வால்டெர் கத்துகிற மனிதர். அன்று கத்தவில்லை. 

"நீர் மாத்திரை மருந்து உன் உடம்புல இருந்திருக்கு. ரெண்டு வருஷத் தடை. பான் அமெரிக்கப் போட்டி போச்சு. அதுக்கப்புறம் உனக்கு இருபத்தெட்டு வயசு, எல்லாமே போச்சு. என்னடி முழுங்கின?"

"காஃபீன்தான், கோச்."

அது பொய்யில்லை. காஃபீனும்தான் விழுங்கியிருந்தாள். மீதியைச் சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முன்னால் சாய்ந்தார்.

"யார் போட்டுக் குடுத்தது?"

"எங்க ஊர்ல. என் ஞானத்தகப்பன்."

"அவர் இந்த நீர் மாத்திரையும் போடுவாரா?"

"போடுவார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடைத்த அளவு ரொம்பக் குறைவு, தூசி கலந்தால் வருகிற அளவு என்றார் வக்கீல். காஃபீன் குப்பியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். முந்தின வாரமே தீர்ந்து, குப்பியைத் தூக்கி எறிந்தாயிற்று. "அதுவும் நல்லதுக்குத்தான், சோதிச்சுப் பார்க்க ஒண்ணும் இல்லை" என்றார். கடைக்காரர் நேரில் வந்து தன் கடையில் தப்பு நடந்தது என்று ஒப்புக்கொண்டால் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், இதற்கு முன்பும் இப்படி விட்டிருக்கிறார்கள் என்றார். வால்டெர் எழுந்து வந்து அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.  அவள் சொல்லாமல் விட்டதை மற்றவர்கள் நிரப்பி முடித்துவிட்டார்கள்.

மறுநாளே வக்கீல் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கார்சாஸுக்கு வந்துவிட்டார். கடையில் அன்செல்மோ வெள்ளைக் கோட்டோடு தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"யாரு இது? டி.வி.ல வர்ற பொண்ணு மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் லட்சணமா இருக்குமே!"

"ஆசீர்வாதம், ஞானப்பா."

"ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், கண்ணு. ஏன் மூஞ்சி தொங்குது? தோத்துட்டியா? தோத்தா தோத்துட்டுப் போ. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது."

காபி ஊற்றிக்கொண்டே வக்கீல் சொன்னதைக் கேட்டார். பாதியில் குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

"என் கேப்சூல்லயா?"

"யாரும் வேணும்னு செஞ்சதா சொல்லலைங்க. இவளுக்குக் காஃபீன் போட்ட அன்னைக்கு நீர் மாத்திரையும் போட்டீங்களா?"

"போட்டேன். இவ அம்மாவுக்குத்தான். முதல்ல இவோனிக்கு, அப்புறம் இவளுக்கு."

"அதே பலகையிலயா?"

"வேற பலகை ஏது? இருக்கிறது ஒண்ணு."

"நடுவுல கழுவினீங்களா?"

"கழுவாம இருப்பேனா? முப்பது வருஷமா கழுவுறேன்."

"சரி. அன்னைக்குக் கழுவினது ஞாபகம் இருக்கா?"

கேட்ட விதத்தில் தப்பொன்றும் இல்லை. வக்கீல்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் தினமும் பல் விளக்குகிறவனைப் பிடித்து, போன மாதம் இன்ன செவ்வாய்க்கிழமை பல் விளக்கினாயா, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அன்செல்மோ தன் கைகளைப் பார்த்தார்.

"அன்னைக்கு வேலைக்கு வர்ற பொண்ணு லீவு. ஜூன் திருவிழா. நான் ஒத்தை ஆளு. போன் வேற அடிச்சுக்கிட்டே இருந்துச்சு." பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கழுவியிருப்பேன்." அப்புறம், ரொம்பச் சின்னக் குரலில், "கழுவினேனான்னு தெரியலையே" என்றார்.

அவருடைய முகம் அப்படி உடைந்து ஜசீரா பார்த்ததில்லை, அவர் மனைவி செத்த அன்றுகூட. 

"ஞானப்பா, அது வந்து..."

"நீ சும்மா இரு, கண்ணு. எனக்கு ஆறுதல் சொல்ல வராதே. உன் கையைக் காலைக் கட்டித் தண்ணியில போட்டுட்டேனே பாவி! எங்க வந்து சொல்லணும், வக்கீல் சார்? சொல்றேன்."

"கடை உரிமம் போனாலும் போகும். அதையும் நான் சொல்லிடணும்."

"போகட்டும். அவ நீந்தட்டும்."

வக்கீல் காரில் காத்திருக்க, ஜசீரா நேராக அம்மாவிடம் போனாள். இவோனி அடுப்பில் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லப் போறேம்மா."

"என்னன்னு? எங்கம்மா மாத்திரையைக் குடுத்தா, நான் தெரிஞ்சே முழுங்கினேன்னா? சொல்லு. அப்புறம் வந்து என்னோட பள்ளிக்கூடத்துல பாத்திரம் கழுவு."

"அவர் கடை போயிடும்."

"அவருக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னும் எத்தனை நாளைக்குக் கடை நடத்தப் போறாரு? நீ இப்ப விட்டா எப்ப?" இவோனி கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அதுவுமில்லாம, அவர் கழுவினார்னு உனக்குத் தெரியுமா? நீ பக்கத்துல நின்னு பார்த்தியா? கழுவாமலும் இருந்திருக்கலாம்ல? உன் காஃபீன்லயும் கொஞ்சம் கலந்திருக்கலாம்ல?"

கேவலமான வாதம்தான். ஜசீராவுக்கும் அது கேவலம் என்று தெரியும். ஆனால் முழுகுகிற நேரத்தில் கையில் அகப்பட்டது அது ஒன்றுதான். கழுவாமலும் இருந்திருக்கலாம். அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் பெலோவுக்குத் திரும்பினாள். அதோடு ஒரு சத்தியமும் செய்துகொண்டாள். பான் அமெரிக்கப் போட்டி முடியட்டும். ஒரு பதக்கம் கழுத்தில் விழட்டும். அதற்குப் பிறகு தடை வந்தாலும் பரவாயில்லை, முதல் காரியமாக ஞானப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது.

விசாரணையில் அன்செல்மோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கு மேலேயே சொன்னார். தெரியலையே என்று அன்று கடையில் சொன்னவர், அதற்குள் கழுவவில்லை என்றே நம்பத் தொடங்கியிருந்தார். "என் கைதான் செஞ்சது. அந்தப் பொண்ணு மேல ஒரு பாவமும் இல்லை" என்றார். விசாரித்தவர்கள் ஜசீராவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசிப் பேருந்து நிலையத்துக்கு நடையைக் கட்டினார். அவள் கூப்பிடவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இந்த ஊரின் மேலேயே வெறுப்பு வருகிறது. சுகாதார அதிகாரிகள் கடையைப் பூட்டி முத்திரை வைத்ததாவது சட்டம். ஊர் செய்தது எந்தச் சட்டம்? இழுத்து மூடிய கதவில் யாரோ 'விஷக் கடை' என்று சிவப்பில் எழுதினார்கள். அவர் மருந்தைத் தின்றே எண்பதைத் தாண்டிய கிழவிகளுக்கு, அந்த மருந்தால் தலைசுற்றல் வந்தது திடீரென்று ஞாபகம் வந்தது. ரொட்டிக் கடைக்காரன் அவரைப் பார்த்து, "பியாபாவுக்கே வச்சுட்டியே பெருசு, எங்களுக்கெல்லாம் என்னென்ன வச்சியோ" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். ஞாயிறு பூசையில் சமாதான வாழ்த்துச் சொல்கிற நேரத்தில் எல்லோரும் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிப்பார்கள். அன்செல்மோ நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இதையெல்லாம் இவோனி போனில் மகளிடம் சொல்ல மாட்டாள். ஜசீராவும் கேட்க மாட்டாள்.

அவளுடைய புகழ் குறையவில்லை, வளர்ந்தது. தப்பே செய்யாமல் தண்டனை வாங்க இருந்தவள் என்று பிள்ளைகள் அவளுடைய படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ஒருத்தி, "இப்படிப் பண்ணின உங்க ஞானத்தகப்பனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். ஜசீரா தலையைக் குனிந்து, "அதைப் பத்தி வேண்டாமே" என்றாள். எவ்வளவு பெரிய மனசு என்று நாடே உருகியது.

பான் அமெரிக்கப் போட்டியில் அவள் தங்கம் வாங்கினாள். கடைசிப் பதினைந்து மீட்டரில் கை மரத்துப்போன பிறகும், 'முடிந்ததும் சொல்லிவிடுகிறேன், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்' என்று ஒவ்வொரு வீச்சுக்கும் சொல்லிக்கொண்டே சுவரைத் தொட்டாள். மைக்கை நீட்டியபோது அவள் ஆசீர்வாதம் கேட்கவில்லை. அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

பதக்கத்தோடு வருகிறவர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடாவிட்டால் எங்கள் ஊர்களுக்குத் தூக்கம் வராது. கார்சாஸில் அதற்காக மேயர் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டார். சிவப்பு வண்டியின் உச்சியில் ஜசீராவை நிறுத்தி, ஒரு பக்கம் இவோனி, இன்னொரு பக்கம் மைக்கோடு மேயர். சங்கு ஊதிக்கொண்டு வண்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது. "பியாபா! பியாபா!" என்று தெருவே கத்தியது. ஜசீரா கையசைத்தாள். ஊர்வலம் முடிந்ததும் நேராக ஞானப்பா வீடு என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

கடைத்தெரு முனையில் கூட்டம் திடீரென்று விலகியது. "டேய், விஷக்காரன் வர்றான்டா!" என்று எவனோ கத்தினான். அன்செல்மோ வந்துகொண்டிருந்தார். விசாரணைக்குப் போட்ட அதே கோட்டு. அதற்குள் அது அவருக்கு இரண்டளவு பெரிதாகியிருந்தது. யாரோ அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். விழாமல் சமாளித்து, வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். மேயர் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லிக் கூரையைத் தட்டினார். எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியும்.

"கண்ணு," என்றார் அன்செல்மோ. சங்கு நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நான் உன்கிட்ட இன்னும் மன்னிப்பே கேக்கலை. அன்னைக்கு விட்டுப்போச்சு, அப்புறம் உன் முகத்துல முழிக்கத் தைரியம் வரலை. படுத்தா அந்தப் பலகைதான் கண்ணுல வருது. ஒரு வார்த்தை சொல்லிடு. மன்னிச்சிட்டேன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

தெரு அடங்கிவிட்டது. எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்திருந்தது. ஜசீரா வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது தொண்டை வரை வந்தே விட்டது. 'நீங்க கழுவினீங்க, ஞானப்பா.' மூன்றே வார்த்தை. மேயர் சிரித்துக்கொண்டே மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார். "சொல்லும்மா, ஊரே காத்திருக்கு." பக்கத்தில் அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மன்னிச்சிட்டேன், ஞானப்பா."

தெரு வெடித்தது. பெண்கள் அழுதார்கள். சங்கு ஊதியது. ரொட்டிக் கடைக்காரன் ஓடிவந்து கிழவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். பியாபாவே மன்னித்த பிறகு நமக்கென்ன என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்தார்கள். பூசையில் பிடிக்காத கைகள் எல்லாம் பிடித்தன. அன்செல்மோ அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து கம்பியில் கால் வைத்து எட்டி, கீழே தொங்கிய ஜசீராவின் விரல்களைப் பிடித்து முத்தமிட்டார்.

"நன்றி, கண்ணு. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வண்டி நகர்ந்தது. அவரிடம் இனி ஒருபோதும் அதைச் சொல்ல முடியாது என்று ஜசீராவுக்குத் தெரிந்தது. அவள் கையசைத்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் அம்மா கை தட்டிக்கொண்டிருந்தாள்.